தட்டணு கட்டு மட்டுமா போடுகிறது?

ஐப்பசியில் மழை இரண்டு முறை பலமாகப் பெய்து ஓய்ந்தால் போதும். கடலூரில் மஞ்சக்குப்பம் முதல் முதுநகர் வரை தெருவுக்கு ஒரு வீட்டிலாவது யாரேனும் காய்ச்சலில் படுத்திருப்பார்கள். நலம் விசாரிக்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் காய்ச்சலைப் பற்றிக் கேட்பதில்லை. டெங்குவோ என்ற பயத்தில், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ‘பிளேட்லெட் எவ்வளவு?’ என்றுதான் கேட்கிறார்கள். ஒன்றரை லட்சம் என்றால் முகம் மலர்கிறது. எண்பதாயிரம் என்றால் குரல் தாழ்கிறது. நாற்பதாயிரம் என்றால் யாரோ ஒருவர் புதுச்சேரிக்கு வண்டி பேசத் தொடங்கிவிடுகிறார்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடமும் வரும். சில ஆண்டுகளுக்கு முன், கார்த்திகை மாத இரவு ஒன்றில், எதிர்வீட்டு அண்ணன் கையில் ஒரு தாளோடு வந்து நின்றார். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு மூன்று நாள் காய்ச்சல். அன்று காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. மாலையில் இரண்டு இட்லியும் சாப்பிட்டிருந்தாள். தாளில் மட்டும் பிளேட்லெட் 38,000 என்று அச்சாகியிருந்தது. அண்ணனின் கை நடுங்கியது. போய்ப் பார்த்தால் பெண் தெளிவாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறாள். உடம்பில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. எனக்குச் சந்தேகம் தட்டியது. நான் வேலை பார்த்த கூடத்துக்கே அழைத்துப்போய், ஊதா மூடிக் குழாயில் ஒன்றும் நீல மூடிக் குழாயில் ஒன்றுமாகத் திரும்ப ரத்தம் எடுத்தேன்.

ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க இ.டி.டி.ஏ. என்ற உப்பு இருக்கும். அபூர்வமாகச் சிலருடைய ரத்தத்தில், அந்த உப்பு பட்டதும் தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட்டுகள், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். எண்ணும் கருவி துகளின் அளவை வைத்து எண்ணுவது. இருபது முப்பது தட்டணுக்கள் சேர்ந்த கட்டியை அது தட்டணு என்று எண்ணாது. கண்ணாடித் தகட்டில் ரத்தத்தை இழுத்து, சாயம் ஏற்றி, உருப்பெருக்கியில் வைத்தேன். தகட்டின் வால் பக்கத்தில் ஊதா நிறக் கட்டிகள் திட்டுத்திட்டாகக் கிடந்தன. நீல மூடிக் குழாயில் இருப்பது சிட்ரேட். அதில் எண்ணினால் ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கு மேல். அந்தக் குழாயில் திரவம் கலந்திருப்பதால் வரும் எண்ணோடு பத்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளவும் வேண்டும். அண்ணன் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: “தம்பி, இந்தப் பிளேட்லெட் எதற்குத்தான் உடம்பில் இருக்கிறது?”

“ரத்தம் உறைவதற்கு அண்ணே” என்றேன். அது பாதி பதில். மீதிப் பாதியை அந்த இரவில் அவரிடம் சொல்ல நேரமில்லை. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

சாயம் ஏற்றிய தகட்டை எண்ணெய் விட்டு நூறு மடங்கு லென்சில் பார்த்தால் முதலில் கண்ணில் படுபவை சிவப்பணுக்கள். நடுவில் வெளிறிய வட்டத்தோடு, தட்டில் பரப்பிவைத்த அப்பளம் போல. ஒவ்வொன்றும் ஏழெட்டு மைக்ரோமீட்டர் அகலம். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய வெள்ளையணுக்கள். சிவப்பணுக்களின் இடைவெளியில், யாரோ பேனாவை உதறியதுபோல, இளம் ஊதாப் புள்ளிகள் தெரியும். இரண்டு மூன்று மைக்ரோமீட்டருக்கு மேல் இருக்காது. உற்றுப் பார்த்தால் புள்ளிக்குள்ளும் பொடிப்பொடியாக ஊதாத் துகள்கள். இவைதான் தட்டணுக்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இவற்றைச் சாயக் கசடு என்று நினைத்துத் தகட்டை மறுபடி கழுவியிருக்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல அறிஞர்களும் இவற்றை ஏதோ சிதைவின் மிச்சம் என்றுதான் ஒதுக்கினார்கள். 1882இல் இத்தாலியின் டூரின் நகரில் ஜூலியோ பிட்ஸோட்ஸெரோ, உயிருள்ள விலங்கின் நுண்ணிய ரத்தக்குழாய்களை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தார். குழாய்ச் சுவரில் காயம் பட்ட இடத்தில் இந்தப் புள்ளிகள் முதலில் வந்து ஒட்டுவதைக் கண்டார். சின்னத் தட்டுகள் என்ற பொருளில் அவர் வைத்த பெயர்தான் மொழி மாறி நம் ‘தட்டணு’ வரை வந்திருக்கிறது.

தட்டணு முழுமையான உயிரணுகூட இல்லை. எலும்பு மஜ்ஜையில் மெகாகேரியோசைட் என்ற பேரணு இருக்கிறது. அது தன் உடலை நீள நீளமாக ரத்தக்குழாய்க்குள் நீட்ட, ரத்த ஓட்டம் அதை ஆயிரக்கணக்கான துண்டுகளாகக் கிள்ளிக்கொண்டு போகிறது. அந்தத் துண்டுதான் தட்டணு. உட்கரு கிடையாது, ஆயுள் ஏழு முதல் பத்து நாள். ஒரு நாளைக்குச் சுமார் பத்தாயிரம் கோடி புதிதாகப் பிறக்கின்றன. எலிகளில் நுரையீரலுக்குள்ளும் பெருமளவில் இப்படிப் பிறக்கின்றன என்று சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் 2017இல் காட்டினார்கள். ஒரு நாளைக்கு இத்தனை கோடி என்றால் வெறும் ஓட்டை அடைக்கவா உடம்பு இவ்வளவு செலவு செய்யும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

உப்பனாற்றுக் கழிமுகத்தில் காலை வைத்தவர்களுக்குச் சிப்பி ஓட்டின் கூர்மை தெரியும். சேற்றுக்குள் கால் இறங்கும்போது ஒன்றும் தெரியாது. கரையேறிக் கழுவும்போதுதான் குதிகாலில் ஒரு கோடு பிளந்திருப்பது தெரியும். அந்த ஒரு நொடியில் உடம்புக்கு இரண்டு ஆபத்துகள் நேர்ந்திருக்கின்றன. ரத்தம் வெளியே போகிறது. சேற்றிலிருந்த பாக்டீரியா உள்ளே வருகிறது. இரண்டுக்கும் வாசல் ஒன்றே. ஆக, அந்த வாசலுக்கு முதலில் ஓடி வரும் அணுவுக்கு அடைக்கவும் தெரிந்து, எதிர்க்கவும் தெரிந்திருந்தால் எவ்வளவு நல்லது! இயற்கை அப்படித்தான் செய்திருக்கிறது.

நம் நோயெதிர்ப்பில் இரண்டு அடுக்குகள் உண்டு. ஒன்று, ஒரு கிருமியைச் சந்தித்து, அதன் அடையாளத்தைப் படித்து, அதற்கென்றே எதிர்ப்புப் பொருள் செய்வது. அதற்கு நாள்கணக்கில் ஆகும். மற்றொன்று பிறக்கும்போதே கூட வருவது. கிருமிகளின் பொதுவான சில அடையாளங்களை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு, கண்டவுடன் நிமிடக்கணக்கில் பாய்வது. பாடப் புத்தகங்களில் இதற்கு ‘இயல்பு நோயெதிர்ப்பு’ என்று பெயர். நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவும், கிருமியை விழுங்கும் மாக்ரோஃபேஜ் அணுவும் இந்த அடுக்கின் பெயர்பெற்ற வீரர்கள். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் நியூட்ரோஃபில்கள் நாலைந்தாயிரம் என்றால் தட்டணுக்கள் இரண்டரை லட்சம். ஒரு நியூட்ரோஃபிலுக்கு ஐம்பது தட்டணுக்கள்! எண்ணிக்கையை வைத்துப் பார்த்தாலே ரத்தத்தில் அதிகம் உலாவும் காவலர் யார் என்பது விளங்கும்.

எண்ணிக்கை மட்டுமில்லை, நிற்கும் இடமும் முக்கியம். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகும் சாலையை நினைத்துப் பாருங்கள். நடுத்தெருவில் சாமி ஊர்வலங்களும் பெரியவர்களின் நெரிசலும் போகும். சிறு பிள்ளைகள் தள்ளுப்பட்டு ஓரத்துச் சுவரை ஒட்டித்தான் நடப்பார்கள். ரத்தக்குழாயிலும் அதே நெரிசல். பருத்த சிவப்பணுக்கள் நடுவில் ஓட, சின்னஞ்சிறு தட்டணுக்கள் ஓரத்துக்குத் தள்ளப்படுகின்றன. அதனால் குழாய்ச் சுவரைத் தடவிக்கொண்டே போகும் வாய்ப்பு அவற்றுக்குத்தான். சுவரில் ஒரு கீறல், ஒரு வீக்கம், ஒட்டிக்கொண்ட ஒரு கிருமி எதுவானாலும் முதலில் தட்டுப்படுவது தட்டணுவின் மேல்.

தட்டுப்படுவதை அது எப்படி அறிகிறது? அதன் மேற்பரப்பில் பலவகை ஏற்பிகள் இருக்கின்றன. சுவர் கிழிந்தால் வெளிப்படும் கொலாஜன் நாரைப் பிடிக்கச் சில. அந்த நாரில் ஒட்டும் வான் வில்லிபிராண்ட் என்ற ஒட்டுப்புரதத்தைப் பிடிக்கச் சில. இவை ரத்தம் உறைவதற்கான பழைய கதையில் வருபவை. கூடவே டோல் ஏற்பிகளும் தட்டணுவின் மேல் இருக்கின்றன. பல பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் இருக்கும் கொழுப்புச் சர்க்கரைப் பொருளை நுகர்ந்தறியும் ஏற்பிகள் இவை. இயல்பு நோயெதிர்ப்பு விழித்துக்கொள்வதில் இந்த ஏற்பிகளின் பங்கைக் கண்டறிந்த புரூஸ் பாய்ட்லருக்கும் ஜூல்ஸ் ஹாஃப்மனுக்கும் 2011இல் நோபல் பரிசு கிடைத்தது. வெள்ளையணுக்களுக்கே உரியது என்று எண்ணியிருந்த அந்த ஏற்பி, உட்கருகூட இல்லாத தட்டணுத் துண்டிலும் இருப்பது தெரிந்தபோதுதான், ‘இது இங்கே என்ன செய்கிறது?’ என்ற கேள்வி வலுத்தது.

விழித்துக்கொண்ட தட்டணு சில நொடிகளில் உருமாறிவிடும். தட்டையாக இருந்தது உருண்டு, நாற்புறமும் கைகளை நீட்டும். உள்ளே அடைத்துவைத்திருந்த குருணைகள் மேற்பரப்புக்கு வந்து திறந்துகொள்ளும். உருப்பெருக்கியில் ஊதாத் துகள்களாகத் தெரிந்தவற்றில் பெரும்பாலானவை இவைதாம். ஒரு தட்டணுவில் ஐம்பது முதல் எண்பது வரை இருக்கும். அவற்றுக்குள் உறைவதற்கான புரதங்களும் இருக்கின்றன. வெள்ளையணுக்களை ‘இங்கே வா’ என்று அழைக்கும் வேதிப்பொருள்களும் இருக்கின்றன. நேரடியாகக் கிருமியைத் துளைக்கும் சிறு புரதங்களும் இருக்கின்றன. மருந்துப்பெட்டியும் ஆயுதப்பெட்டியும் ஒரே பெட்டி. குருணை திறக்கும்போது அதன் உட்சுவரில் இருந்த பி-செலக்டின் என்ற கொக்கி வெளிப்பக்கம் வந்துவிடும். இந்தக் கொக்கி மாட்டுவதற்கென்றே ஒரு வளையம் நியூட்ரோஃபிலின் மேல் இருக்கிறது. கொக்கி வளையத்தில் விழுந்ததும் ஓடிக்கொண்டிருந்த நியூட்ரோஃபில் தடுமாறி, உருண்டு, சுவரோரம் நின்றுவிடும்.

இப்படித் தட்டணுக்கள் ஒட்டிய நியூட்ரோஃபிலின் சாயலை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு முதியவரின் ரத்தத் தகட்டில், நியூட்ரோஃபில் ஒன்றைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு தட்டணுக்கள் சாமந்திப் பூவின் இதழ்கள் போல வட்டமாக ஒட்டியிருந்தன. அடுத்த நியூட்ரோஃபிலிலும் அப்படியே. அது உடம்புக்குள் நடந்த போரின் படமில்லை, அந்த இ.டி.டி.ஏ. உப்பு குழாய்க்குள் செய்யும் அபூர்வமான விளையாட்டு என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தத் தகட்டிலிருந்து கண்ணை எடுக்க மனம் வரவில்லை. இந்த இரண்டு அணுக்களும் எவ்வளவு நெருங்கக்கூடியவை என்பதை அதற்குமுன் நான் வாசித்துத்தான் அறிந்திருந்தேன்.

நியூட்ரோஃபில்களும் தட்டணுக்களைத் தேடுகின்றன. மாட்ரிட் ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு இது. வீங்கிய குழாய்ச் சுவரில் ஒட்டிய நியூட்ரோஃபில், தன் உடலின் ஒரு பகுதியை ரத்த ஓட்டத்துக்குள் நீட்டித் துழாவுகிறது. விழித்துக்கொண்ட தட்டணு ஒன்று அதில் தட்டுப்பட்டால் மேற்கொண்டு நகர்ந்து சண்டைக்குப் புறப்படுகிறது. தட்டுப்படாவிட்டால் பெரும்பாலும் அந்த வேகம் வருவதில்லை. உள்ளூர்க்காரர் ஒருவரிடம் ‘இங்கே உண்மையிலேயே ஏதாவது நடந்ததா?’ என்று விசாரித்துக்கொண்டு இறங்குவது போலத்தான்.

விசாரித்துவிட்டு நியூட்ரோஃபில் என்ன செய்கிறது? கிருமியை விழுங்கும், நஞ்சைக் கக்கும். இவை பழைய செய்திகள். 2004இல் பெர்லினில் ஆர்துரோ சிக்லின்ஸ்கியின் குழு மூன்றாவதாக ஒன்றைக் கண்டறிந்தது. நியூட்ரோஃபில் தன் உட்கருவில் சுருட்டிவைத்திருக்கும் டி.என்.ஏ. இழையை அவிழ்த்து வெளியே வீசிவிடுகிறது. இழையெங்கும் கிருமியைக் கொல்லும் புரதங்கள் ஒட்டியிருக்கும். அதில் சிக்கிய பாக்டீரியா நகர முடியாது. ஆராய்ச்சியாளர்கள் அதற்கு வலை என்றே பெயர் வைத்தார்கள். கடலூர்த் துறைமுகத்தில் வளர்ந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் தோன்றாது.

வலையை வீசச் சொல்வது யார்? 2007இல் கனடாவின் கால்கரி நகரில் பால் கியூப்ஸின் குழு இதற்கு ஒரு பதில் தந்தது. ரத்தத்தில் பாக்டீரியா பெருகும் நிலையில், தட்டணுவின் டோல் ஏற்பி கிருமியின் சுவர்ப்பொருளை உணர்கிறது. உணர்ந்த தட்டணு நியூட்ரோஃபிலில் போய் ஒட்டுகிறது. ஒட்டிய சில நிமிடங்களிலேயே வலை வீசப்படுகிறது. நியூட்ரோஃபில் தானாக அதைச் செய்ய மணிக்கணக்கில் ஆகும். கரையில் நின்று கடலின் நிறத்தைப் பார்த்து, ‘மீன் கூட்டம் அதோ’ என்று துண்டை வீசிக்காட்டுகிறவரின் வேலையைத் தட்டணு செய்கிறது. வலை மற்றவருடையது, கண் இவருடையது.

கண்ணோடு நின்றுவிடவும் இல்லை. 2017இல் மியூனிக் நகரில் ஸ்டெஃபன் மாஸ்பெர்கின் குழு, தட்டணுக்கள் தாமாகவே ஊர்ந்து செல்லக்கூடியவை என்று காட்டியது. ஒட்டிய இடத்திலேயே கிடக்கும் என்றுதான் அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஊர்ந்துபோகும் வழியில் பரப்பில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாவை இழுத்துப் பார்க்கிறது. வருகிறதென்றால் பிய்த்துத் தன்மேல் சேர்த்துக்கொண்டு நகர்கிறது. கழிமுகத்தில் பெண்கள் குனிந்தபடியே நடந்து சேற்றிலிருந்து மட்டி பொறுக்கிக் கூடையில் சேர்ப்பார்களே, அப்படி. இப்படிச் சேர்த்துக் கட்டிய மூட்டையை நியூட்ரோஃபிலிடம் கொண்டுபோய் விடுகிறது.

கல்லீரலில் நடப்பது வேறு மாதிரி. அங்கே குப்ஃபர் அணுக்கள் என்ற மாக்ரோஃபேஜ்கள் ரத்தக்குழாயின் உள்ளேயே உட்கார்ந்து, போகிற வருகிற கிருமிகளைப் பிடிக்கின்றன. சாதாரண நாள்களிலும் தட்டணுக்கள் ஒவ்வொன்றாக வந்து அந்த அணுவைத் தொட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கின்றன. குப்ஃபர் அணு ஒரு பாக்டீரியாவைப் பிடித்துவிட்டது என்று வையுங்கள். அடுத்து வந்து தொடும் தட்டணு போவதில்லை, அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. பின்னால் வருபவையும் சேர்ந்து, பிடிபட்ட கிருமியைச் சுற்றி மூடிவிடுகின்றன. இப்படித் தொட்டுச் செல்லத் தட்டணுவுக்கு உதவும் ஏற்பி இல்லாத எலிகள், பாக்டீரியா செலுத்தப்பட்டபோது விரைவில் இறந்துபோயின. 2013இல் வெளியான இந்த ஆய்வும் கால்கரிக் குழுவினுடையதே. நோய் எதுவும் இல்லாத நாளிலும் தட்டணு தொட்டுப் பார்த்துக்கொண்டே போகிறது என்ற ஒரு வரி என்னை மிகவும் நெகிழ வைத்தது. நாம் உறங்கும்போதும் நம் ஈரலில் இந்த விசாரிப்பு நடந்துகொண்டிருக்கிறது.

தட்டணுவின் குருணையில் மிகுதியாக இருக்கும் புரதங்களில் ஒன்று பி.எஃப்.4. நேர்மின்னூட்டம் கொண்டது, பாக்டீரியாவின் எதிர்மின்னூட்ட மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் அதன் வடிவம் சற்று மாறி, எதிர்ப்புப் பொருள்களுக்கு அடையாளக் குறியாகிவிடும். மலேரியாவிலும் அதற்கு வேலையுண்டு. ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணுவில் தட்டணு ஒட்டி இந்தப் புரதத்தை வெளியிட, அது சிவப்பணுவின் மேலிருக்கும் டஃபி என்ற ஏற்பியின் துணையோடு ஒட்டுண்ணியைச் சென்றடைந்து கொல்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதை 2009, 2012 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்டார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு இதன் விலையையும் சொல்ல வேண்டும். வீசிய வலை கிருமியை மட்டும் பிடிப்பதில்லை. டி.என்.ஏ. இழையும் அதிலுள்ள ஹிஸ்டோன் புரதமும் ரத்தம் உறைவதையும் தூண்டும். மேலும் தட்டணுக்களை எழுப்பும். எழும்பியவை மேலும் வலை வீசச் சொல்லும். சிறு இடத்தில், சிறு நேரத்துக்கு நடந்தால் இது நன்மை. கிருமி பரவாமல் நுண்குழாயை அடைத்துச் சிறைவைப்பது போல. உறைதலும் எதிர்ப்பும் கைகோத்த இந்த வேலைக்கு ‘நோயெதிர்ப்பு உறைவு’ என்று பெயர் சொல்லலாம். உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் நடந்தால் பேராபத்து. ரத்தத்தில் கிருமி பரவிய செப்சிஸ் நோயாளிக்கு நுண்குழாய்கள் அடைபட்டுச் சிறுநீரகமும் நுரையீரலும் தளர்வதில் இதற்குப் பங்குண்டு. கொரோனாக் காலத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்டு இறந்தவர்களின் நுரையீரல் நுண்குழாய்களிலும் இத்தகைய வலையும் உறைகட்டியும் சேர்ந்தே கிடந்தன.

உறைதலும் எதிர்ப்பும் ஏன் இப்படிப் பிரிக்க முடியாமல் பின்னிக்கிடக்கின்றன? தொடக்கத்தில் அவை இரண்டு வேலைகளாகவே இல்லை என்பதுதான் எனக்கு நிறைவளிக்கும் விடை. கடலில் கோடிக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்துவரும் குதிரைலாட நண்டின் நீல ரத்தத்தில் பெரும்பாலும் ஒரே வகை அணுதான் இருக்கிறது. பாக்டீரியாவின் சுவர்ப்பொருள் பட்டதும் அது குருணைகளைத் திறந்து சுற்றிலும் கூழாக உறையச் செய்கிறது. கிருமி அந்தக் கூழில் அகப்படுகிறது. 1956இல் அமெரிக்காவில் ஃபிரெடரிக் பேங் இதைக் கண்டு எழுதினார். ஊசி மருந்துகளில் பாக்டீரியா நஞ்சு கலந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனையே இதிலிருந்து வந்ததுதான்.

நண்டு வரை போகவேண்டியதில்லை. நாம் வாங்கும் மீனே போதும். பாலூட்டிகளில் மட்டும்தான் தட்டணு உட்கரு இல்லாத துண்டாக இருக்கிறது. மீனுக்கும் கோழிக்கும் அது உட்கருவோடு கூடிய முழு அணு. அது உறையவும் செய்யும், கிருமித் துகளை விழுங்கவும் செய்யும். ஒருமுறை துறைமுகத்தில் உயிர் அடங்காத ஒரு சங்கரா மீனின் செவுளிலிருந்து ஒரு சொட்டு எடுத்துத் தகட்டில் இழுத்தேன். நீள்வட்டச் சிவப்பணுக்களுக்கு நடுவே நூல் நூற்கும் கதிர் போன்ற சிறு அணுக்கள் மூன்று நான்காக ஒட்டிக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் அடர்ந்த ஊதா உட்கரு. நம் தட்டணுவின் பழைய உறவு அது.

இனி டெங்குவுக்கு வருகிறேன். புதுச்சேரியில் 1975 முதல் இயங்கும் நோய்பரப்பிக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இந்தக் கரையோர மக்களுக்குக் கொசுவைப் பற்றி நிறையச் சொல்லித் தந்திருக்கிறது. நல்ல நீரில் முட்டையிட்டுப் பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசுவை இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். தட்டணு ஏன் குறைகிறது என்பதுதான் இன்னும் பலருக்குத் தெரியாது. வைரஸ் அவற்றைத் தின்றுவிடுகிறது என்று நினைக்கிறார்கள். மஜ்ஜையில் உற்பத்தி சில நாள் மந்தமாவது ஒரு காரணம். தட்டணுக்கள் வைரஸை உணர்ந்து விழித்து, வெள்ளையணுக்களோடு ஒட்டி, குருணைகளைக் கொட்டி, வேலையில் செலவாகிவிடுவது மற்றொரு காரணம். எதிர்ப்புப் பொருள் ஒட்டியவற்றை உடம்பே அகற்றுவதும் உண்டு. அதாவது, குறைந்த எண்ணில் ஒரு பகுதி, களத்தில் இறங்கியவற்றின் கணக்கு.

இதைப் புரிந்துகொண்டால் ஒன்று தெளிவாகும். எண் இறங்கியதாலேயே வெளியிலிருந்து தட்டணு ஏற்றிவிட்டால் சரியாகிவிடாது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும், தட்டணு எண் 20,000 அல்லது அதற்கும் கீழே இறங்கிய 372 டெங்கு நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. கடும் ரத்தக்கசிவு இல்லாதவர்களுக்கு முன்னெச்சரிக்கையாகத் தட்டணு ஏற்றியதால் ரத்தக்கசிவு குறையவில்லை. ஏற்றியதால் வந்த தொல்லைகள்தாம் கூடின. ரத்தம் கொட்டும்போது ஏற்றுவது வேறு. அது மருத்துவர் முடிவு. நோய் தணியும் நாளில் எண் தானாகவே ஏறத் தொடங்கும். அந்த நாளில் எதைக் குடித்திருந்தோமோ அதற்கு நாம் பெயர் கொடுத்துவிடுகிறோம்.

டெங்குவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் வேறொன்று. குழாய்ச் சுவர் நெகிழ்ந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிகிறது. காய்ச்சல் விட்ட ஒன்றிரண்டு நாளில்தான் இது நடக்கும்; வீட்டார் ‘அப்பாடா’ என்று மூச்சு விடும் நேரம் அது. ரத்தம் கெட்டியாகிறதா என்பதைப் பரிசோதனைத் தாளில் பி.சி.வி. என்ற எண் காட்டும். அது ஏறிக்கொண்டே போவது, ஓயாத வாந்தி, கடும் வயிற்றுவலி, சோர்ந்து கிடத்தல், கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல், ஈறிலோ மூக்கிலோ ரத்தம் ஆகியவை இருந்தால் பிளேட்லெட் எண் நன்றாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வதற்கும் இந்த அணுவின் உடலமைப்பே காரணம். தட்டணு விழித்துக்கொள்ளத் தேவையான ஒரு நொதியை ஆஸ்பிரின் நிரந்தரமாக முடக்கிவிடும். மற்ற அணுக்கள் உட்கருவிலிருந்து புதிய நொதியைச் செய்துகொள்ளும். தட்டணுவுக்கு உட்கருவே இல்லையே. முடங்கிய நொதியோடுதான் மிச்ச ஆயுளையும் கழிக்க வேண்டும். ஏற்கெனவே குறைந்திருக்கும் படையில் நிற்பவர்களின் கையையும் கட்டிவிட்டால் என்னாகும்?

சென்ற ஐப்பசியில் எதிர்வீட்டு அண்ணனின் தாயாருக்குக் காய்ச்சல். நான் ஊரில் இல்லை. போனில் அழைத்து, ஆத்தாவுக்கு டெங்கு என்று உறுதியாகிவிட்டது என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்: “நேற்று பி.சி.வி. முப்பத்தெட்டு, இன்று நாற்பத்து மூன்று. சிறுநீர் காலையில் ஒருமுறைதான் போனார்கள். இப்போதே கூட்டிக்கொண்டு போகட்டுமா தம்பி?”

“கிளம்புங்கள் அண்ணே” என்றேன்.

பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் ஆட்டோ பிடித்துப் போனார்கள். குளுகோஸ் ஏற்றி மூன்று நாளில் ஆத்தா வீடு திரும்பினார். பிளேட்லெட் எவ்வளவு இருந்தது என்று அண்ணன் கடைசி வரை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.